பதினான்காம் பக்கத்தில் ஒரு பெரிய எழுத்து

2025 ஒக்டோபர் 8, புதன்கிழமை
காலை 6.10 மணி
எனது இல.: தனி/2025/01
விடயம்: ஆங்கிலத்தில் பருவங்களின் பெயரை எந்த எழுத்தால் தொடங்குவது என்பது பற்றியும், உமது உறையை நான் திறக்காமல் வைத்திருந்தது பற்றியும்

என் பிரியம் குறையாத மச்சான், இஸ்மாலெவ்வை மாஸ்டர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீர் அடங்கியிருக்கும் மையவாடியைக் கடக்கும்போதெல்லாம் வாயால் சொல்கிற ஸலாத்தை இன்று எழுத்தில் சொல்கிறேன். நீர் மவுத்தாகி ஒரு வருடமும் ஏழு மாதமும் மூன்று நாளும் ஆகின்றன. ஊரில் 'ஒன்றரை வருசம்' என்று சொல்கிறார்கள். நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

உமது கையேடு அச்சுக்குப் போகிறது. அதற்கு இரண்டு பக்கத்தில் முன்னுரை தரும்படி உமது மகள் ஜெஸீமா கேட்டாள். முன்னுரை என்றால் உம்மைப் புகழ வேண்டும். எனக்கோ உம்மேல் கோபம் தீரவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தையே முதலில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும், நாம் இருவரும் நாற்பது வருடம் தாழ்ந்த குரலில் சண்டை பிடித்தவர்கள் அல்லவே.

உமக்குத் தெரிந்த சிலவற்றை அவர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும். நீர் ஆங்கில ஆசிரியர். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து தலைமை எழுதுவினைஞனாக ஓய்வு பெற்றவன். உமது தங்கை ஹாஜராவை முடித்ததால் உமக்கு மச்சான். ஓய்வுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து பிள்ளைகளுக்காக நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதினோம். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது, எதைச் சிறிய எழுத்தில் தொடங்குவது என்பதுதான் அதன் முழு விடயம். விதிகள் உம்முடையவை. உதாரணங்கள் பெரும்பாலும் என்னுடையவை.

அப்படி ஒரு கையேடு ஏன் தேவைப்பட்டது? தமிழிலும் அரபியிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. நம் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. ஆகவே அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். வாப்பா, உம்மா, டொக்டர், பள்ளிவாசல், சோறு எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. பிள்ளைகளை விடும், நம் ஊர்ச் சங்கங்கள் அடிக்கிற அழைப்பிதழ்களைப் பாரும். பிரதம விருந்தினருக்கு ஒரு பெரிய எழுத்துப் போதாதென்று அவருடைய பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் அடிக்கிறார்கள். வரவேற்புரை சொல்கிறவர் பாவம், சிறிய எழுத்தில் கிடக்கிறார்.

நீர் சொறிக்கல்முனையில் படிப்பித்த காலத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தீர். நான் ஒருநாள் கந்தோர் அலுவலாக நாவிதன்வெளிக்குப் போய்த் திரும்பும்போது உமது வகுப்புக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன்.

"பெயர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குமா? பாத்தாப் பெரிய எழுத்து. பாக்காட்டிச் சின்ன எழுத்து" என்றீர்.

முன்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழும்பியது. "எங்கட ஆடு, ஆடு எண்டு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கும் சேர்."

"அப்ப அந்த ஆட்டுக்குப் பேரே ஆடுதான் மகள். அதுக்குப் பெரிய எழுத்துப் போடு. பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டிராத."

வகுப்பே சிரித்தது. அதே பிள்ளை விடவில்லை. "இங்கிலீசில 'நான்' எண்டா எப்பவும் பெரிய எழுத்து, 'நீ' எண்டாச் சின்ன எழுத்து. அது என்ன நியாயம் சேர்?"

"அது அந்த மொழிட தலைக்கனம்" என்று சொல்லிவிட்டு மணியடிக்கும் முன்னரே புத்தகத்தை மூடினீர். வெளியே நின்ற எனக்கு அந்தப் பதிலில் மிகுந்த திருப்தி.

அந்த ஒரு வழியிலிருந்தே கையேடு முழுவதும் வளர்ந்தது. கிழமை நாளுக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து. அவை ஒவ்வொன்றும் தனிப்பெயர். நோன்பு மாதத்தின் பெயருக்கும் அப்படியே. 'என் வாப்பா' என்று எழுதினால் சிறிய எழுத்து. 'வாப்பா, இங்கே வாருங்கள்' என்று பெயர்போலக் கூப்பிட்டால் பெரிய எழுத்து. கிழக்குத் திசைக்குச் சிறிய எழுத்து, கிழக்கு மாகாணத்துக்குப் பெரிய எழுத்து. கணிதத்துக்குச் சிறியது, தமிழுக்குப் பெரியது, ஏனென்றால் அது ஒரு மொழியின் பெயர். வசனத்தின் தொடக்கத்தில் வந்தால் எதுவும் பெரியதுதான். ஸ்ப்ரிங், சமர், இலையுதிர்காலமாகிய ஓட்டம், வின்டர் ஆகிய நான்கு பருவங்களுக்கும் சிறிய எழுத்து. அவை ஒரு விழாவின் பெயரிலோ போட்டியின் பெயரிலோ உறுப்பாக வந்தால் மட்டும் பெரியது. இவ்வளவும் பதின்மூன்றாம் பக்கம் வரை. இதுவரை நமக்குள் சண்டை இல்லை.

பதினான்காம் பக்கத்தில் நம்முடைய பருவங்கள் வந்தன. பெரும்போகத்தை ஆங்கிலத்தில் மஹா என்றும் சிறுபோகத்தை யல என்றும் எழுதுகிறோம். அந்த மஹாவுக்குப் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா?

சிறிய எழுத்து என்றீர் நீர். "வெள்ளைக்காரன்ட பருவத்துக்கு இல்லாத சலுகை எங்கட பருவத்துக்கு என்னத்துக்கு மச்சான்? விதியெண்டா எல்லாருக்கும் ஒண்டுதான்."

பெரிய எழுத்து என்றேன் நான். ஸ்ப்ரிங் எப்போது தொடங்குகிறது என்று எந்தக் கூட்டமும் தீர்மானிப்பதில்லை. மஹா அப்படியா? ஒவ்வொரு வருடமும் கமக்காரரும் வயல்வெளிகளுக்குப் பொறுப்பான வட்டை விதானைமாரும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்து, விதைப்பு எந்த நாளில் முடிய வேண்டும், வாய்க்காலில் கடைசித் தண்ணீர் எந்த நாள் என்று பேசி முடிவெடுத்து, அதை நான் தட்டச்சு செய்து, மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறோம். தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் வைத்து, வருட இலக்கமும் கொடுத்து நடக்கிற ஒன்று வெறும் காலநிலையா? அது ஒரு தனிப்பெயர்.

இன்றைக்கும் என் வாதம் சரி. இதை எழுதும்போது ஒரு அட்சரமும் பின்வாங்கவில்லை.

ஆனால் சரியான வாதத்தை வைத்துக்கொண்டு நான் செய்தது என்ன? 2021 ஓகஸ்ட் 12, வியாழக்கிழமை நீர் அட்டையும் பெயரும் இன்னும் சேராத முதல் மெய்ப்புப் பிரதியைக் கொண்டுவந்தீர். இருவருடைய ஒப்பமும் இல்லாமல் அச்சுக்குப் போகாது என்பது நமக்குள் இருந்த உடன்பாடு. அந்த ஒரு எழுத்து மாறும்வரை ஒப்பமிட மாட்டேன் என்றேன். நீர் மாற்ற மாட்டேன் என்றீர். எழுத்து மூலம் வாதத்தை அனுப்புவதற்காக பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில் 'இது சர்ச்சைக்குரியது' என்று எழுதி, முழுப் பிரதியையும் போட்டோக்கொப்பி எடுத்து உமக்கு அனுப்பினேன். ஒரு பிரதி கடையிலேயே தவறி நின்றதை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனமே தொழிலாக இருந்தவன் நான்.

பெருநாளைக்கு வந்தீர், போனீர். கல்யாண வீடுகளில் ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டோம். எல்லாம் கதைத்தோம், கையேட்டைத் தவிர. இரண்டரை வருடம் போனது. உமக்கு மூச்சிரைப்பு வந்தது. நான் அதற்கும் அசையவில்லை.

2024 பெப்ரவரி 15, வியாழக்கிழமை நான் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் நீர் வீட்டுக்கு வந்து ஒரு காக்கி உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தீர். நான் பள்ளியில் இருப்பேன் என்று தெரிந்தும் அந்த நேரம் பார்த்து வந்தது எனக்கு அவமரியாதையாகப் பட்டது. முகம் பார்த்துப் பேச விரும்பாதவருடைய கடிதத்தை நான் ஏன் திறக்க வேண்டும்? உறையின் மேல் 'கிடைத்தது 2024.02.15, பி.ப. 4.40' என்று எழுதி, அலுமாரியில் கையேட்டுக் கோவைக்குள் வைத்தேன். கந்தோரில் மறுதரப்பு நேரில் வரும்வரை சர்ச்சைக் கோவையைத் திறக்காத பழக்கம் எனக்கு. மறுதரப்பு வரவில்லை. மார்ச் 5, செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகைக்கு முன்னர் நீர் மவுத்தாகிவிட்டீர்.

அதன் பிறகு அந்த உறையை நான் தொடவில்லை. உள்ளே உமது கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இறந்தவருடைய கோபத்தை வாங்கிக்கொண்டு யாரிடம் பதில் சொல்வது?

இனி நடந்ததைச் சொல்கிறேன். கடந்த செப்டெம்பர் 15, திங்கட்கிழமை ஜெஸீமா மூச்சு வாங்க வந்தாள். கையில் பளபளக்கும் அட்டை போட்ட ஒரு புத்தகம்.

"மாமா, இதப் பாருங்க. வாப்பாட புத்தகம். வாப்பாட பேர் மட்டும் இல்ல."

நகரத்தில் டியூஷன் வகுப்பு நடத்துகிற ஒருவர் அச்சிட்டிருக்கிறார். அவருடைய பெயரை நான் எழுத மாட்டேன். அது தனிப்பெயர், பெரிய எழுத்துக் கொடுக்க வேண்டிவரும். நமது நாற்பத்தெட்டுப் பக்கத்தை நாற்பதாகச் சுருக்கியிருக்கிறார். நம் வட்டையும் வாய்க்காலும் வந்த உதாரணங்களை வெட்டிவிட்டு ஆப்பிளையும் பனிமனிதனையும் வைத்திருக்கிறார். நான்கு பருவத்துக்கும், வெட்கமில்லாமல், பெரிய எழுத்து. ஓட்டம் என்ற பருவத்துக்குச் சிவந்த இலை உதிர்கிற படம். அது எந்த மாதம் என்று கீழே கேள்வி. செப்டெம்பர் என்று விடை. கச்சான் காற்று முகத்தைப் பொசுக்குகிற மாதத்தில் இருந்துகொண்டு நம் பிள்ளைகள் இதை மனனம் செய்கின்றன!

குடையை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே போனேன். அவர் எழும்பி நின்று கதிரை தந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

"பருவங்களுக்குப் பெரிய எழுத்துப் போட்டது ஆரிட அனுமதியில?" என்று கேட்டேன்.

"மரியாதைக்குத்தானே ஹாஜியார் பெரிய எழுத்து. அல்லாஹ் படைச்ச காலத்துக்கு மரியாதை குடுக்கிறதில என்ன பிழை?"

"அப்ப நுளம்பையும் அவன்தான் படைச்ச. அதுக்கும் போடுவீரா?"

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் மாறியது. "இது எனக்குக் கடையில கிடைச்ச நோட்ஸ். பேர் ஊர் ஒண்டும் இல்ல. உங்கட புத்தகம் எண்டாப் பேர் போட்ட பிரதிய எடுத்துட்டு வாங்க. மறுகா கதைப்பம்."

"மஹாவும் யலயும் எங்க?"

"அந்தப் பக்கத்தில 'சர்ச்சைக்குரியது' எண்டு எழுதிக் கிடந்திச்சு ஹாஜியார். சண்டை உள்ள இடத்தப் பிள்ளைகளுக்கு ஏன் எண்டு தூக்கிட்டன்."

மச்சான், நான் குடையை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். பதினான்காம் பக்கத்துக்காக நீர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று இத்தனை வருடத்தைத் தொலைத்தோம். அந்த மனிதர் நம் இருவரையும் ஒரே வெட்டில் தீர்த்துவிட்டார். உமது சிறிய எழுத்தும் இல்லை, எனது பெரிய எழுத்தும் இல்லை. நெல் விளைகிற நாட்டின் பிள்ளைகளுக்கு அச்சிட்ட புத்தகத்தில் போகமே இல்லை. அவருடைய துணிவுக்கு வழி விட்டது யார்? எனது கையெழுத்தில் எழுதிய அந்த ஒரு சொல்.

வீட்டுக்கு வந்து, பெயர் போட்ட பிரதியைத் தேடி அலுமாரியைத் திறந்தேன். கோவைக்குள் முதலாவதாக உமது உறை. முதல் மெய்ப்பில் பெயர் இல்லை; வேறு வழியில்லாமல் உறையைக் கிழித்தேன்.

உள்ளே இரண்டாம் மெய்ப்புப் பிரதி, அட்டையில் நம் இருவருடைய பெயரோடும். பதினான்காம் பக்கத்தில் மஹா வந்த ஒன்பது இடங்களிலும் சிறிய 'எம்' எழுத்தை வெட்டி, உமது சிவப்புப் பேனையால் பெரிய 'எம்' போட்டிருந்தீர். யலவுக்கும் அப்படியே. கடைசி மூன்றும் கோடு தாண்டிப் போயிருக்கின்றன. அடியில், "மச்சான், உம்மட மஹாவுக்குப் பெரிய எழுத்துப் போட்டிரிக்கி. எனக்குச் சம்மதமில்ல. பிள்ளைகளுக்குப் புத்தகம் போய்ச் சேரட்டும். ஒப்பத்தப் போடும்."

ஹாஜரா வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தமையனுடைய கையெழுத்துத் தெரியும்.

"காக்கா அண்டைக்கு அரை மணித்தியாலம் வாசலில நிண்டாரு. தேத்தண்ணியும் குடிக்கல்ல. நீங்க வருவீங்க வருவீங்க எண்டு றோட்டையே பாத்துட்டு இருந்தாரு. மூச்சு இழுத்திச்சு, மறுகாதான் போன. 'இண்டைக்கே பாக்கச் சொல்லு' எண்டாரு. நானும் சொன்னன். நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னன்?"

"'திகதி போட்டு வெச்சிட்டன்' எண்டீங்க."

சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போய்விட்டாள். அன்றிரவு சாப்பாட்டை மேசையில் வைத்தாள்; கூட இருக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். உம்மை விட்டுக்கொடுக்கச் சொன்னது யார்? நாற்பது வருடத்தில் எதிலும் விட்டுக்கொடுக்காத மனிதர், மாட்டிறைச்சிக்கு உருளைக்கிழங்கு போடலாமா என்பதில்கூட மூன்று பெருநாள் வாதாடிய மனிதர், கடைசியில் இதில் மட்டும் ஏன் பணிந்தீர்? அதுவும் சம்மதமில்லாமல்? பணிந்ததை வாயால் சொல்லாமல், ஏன் உறைக்குள் வைத்து ஒட்டினீர்? பள்ளிவாசலில் என் தோளைத் தட்டியிருந்தால் போதாதா? பத்தொன்பது நாள் இருந்தது. உமது வீட்டுக்கும் எனது வீட்டுக்கும் இடையில் நான்கு படலைகள்தான். நீர் என் பதிலுக்குக் காத்திருந்தீரா? வராததைப் பார்த்து, இதற்கும் இவன் இசையவில்லை என்று நினைத்துக்கொண்டா கண்ணை மூடினீர்?

இதற்கு விடை தரக்கூடியவர் நீர் ஒருவர். உம்மை இனி நான் எந்தக் கந்தோரில் விசாரிப்பது?

மறுநாள், செப்டெம்பர் 16, காலையிலேயே ஜெஸீமாவிடம் போனேன். ஒன்பது இடத்திலும் சிறிய எழுத்தைத் திரும்பப் போடு, அதுதான் உன் வாப்பாவின் கொள்கை, நான் அப்படியே ஒப்பமிடுகிறேன் என்றேன். பெரிய மனது செய்கிறேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

அவள் பிரதியை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"ஏலா மாமா."

"ஏன் மகள்? பிழை என்ட பக்கம்."

"அது உங்கட கணக்கு மாமா, நீங்க பாத்துக்கங்க. இது வாப்பா கடைசியா எழுதின எழுத்து. கட்டிலில இருந்து, என்ட தோளப் புடிச்சிட்டு, ஒவ்வொண்டா வெட்டி எழுதின. நீங்க பாத்தும் ஒப்பம் போடல்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்த. இத மாத்த நீங்களும் ஏலா, நானும் ஏலா. உங்களுக்கு மனசு கேக்காட்டி அடிக்குறிப்பு ஒண்டு போடுங்க."

உமது மகள் உம்மைவிடப் பிடிவாதக்காரி. நான் தோற்றுப்போய் வந்தேன். வாதத்தில் வென்றுவிட்டுத் தோற்றுப்போய் வந்தேன் என்று எழுதினால் அலங்காரமாகத் தோன்றும். இல்லை மச்சான், நடந்தது அதுதான். புத்தகத்தில் ஒன்பது இடத்திலும் நான் கேட்ட எழுத்து நிற்கப்போகிறது. எனக்கு அதைப் பார்க்கக் கூசுகிறது.

அந்த டியூஷன்காரரிடம் பெயர் போட்ட பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார். மீதிப் பிரதிகளை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தாரா என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்ப் பார்த்துவருகிறேன். மூன்று திங்கள் ஆகிவிட்டன. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

இனி என் வாக்குறுதி. பதினான்காம் பக்கத்தின் அடியில் எனது பெயரில் ஒரு குறிப்பு வரும்: 'இங்கே மஹாவுக்கு இட்டுள்ள பெரிய எழுத்து இஸ்மாலெவ்வை மாஸ்டருடைய கருத்தன்று. அவர் சிறிய எழுத்தே சரி என்று கருதினார். புத்தகம் பிள்ளைகளைச் சேர வேண்டும் என்பதற்காக இதை அனுமதித்தார். வாசிக்கும் பிள்ளை இருபக்கமும் யோசித்துத் தானே முடிவு செய்க.' இரண்டு பெயர் இருக்க வேண்டிய அட்டையில் உமது பெயர் மட்டும் இருக்கும். இவ்வருடப் பெரும்போகத்துக்கு விதைக்கத் தொடங்குகிற நாட்களிலேயே, நாவிதன்வெளியிலும் சொறிக்கல்முனையிலும் நானே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடங்களில் கொடுப்பேன். பெட்டி சுமக்க ஆள் இருக்கிறது. கொடுப்பது நானாக இருக்கும்.

இன்னொன்று. இனி என் வீட்டுக்கு வருகிற எந்த உறையும் வந்த அன்றே திறக்கப்படும். யார் கொடுத்தாலும், எந்த நேரத்தில் கொடுத்தாலும். திகதியைப் பிறகு எழுதிக்கொள்வேன்.

அல்லாஹ் உமது கபுறை விசாலமாக்கி வைப்பானாக. என்னையும் மன்னிப்பானாக, உம்முடைய மன்னிப்பு எனக்குக் கிடைத்ததா என்று தெரியாததால் அவனிடம் கேட்கிறேன்.

உமது தங்கையின் கணவனும்
உமது மகளுக்கு மாமாவுமாகிய
மு. காசிம்

இணைப்புகள்:

1. முதல் மெய்ப்புப் பிரதி, எனது பதினேழு திருத்தங்களுடன். அவற்றில் பதினாறை நீர் அன்றே ஏற்றுக்கொண்டிருந்தீர்.

2. நகரத்தில் அச்சான புத்தகத்தின் பருவங்கள் உள்ள பக்கம். படத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். உமக்காக நான் கோபப்பட்டுவிட்டேன்.

3. காக்கி உறை, வெறுமையானது. மேலே நான் எழுதிய திகதியும் நேரமும் வெட்டப்படவில்லை, அப்படியே இருக்கட்டும்.

4. கையேட்டை அச்சிடுவதற்கான எனது சம்மதம், ஒப்பத்துடன், ஒரு பக்கம். தாமதம்: நான்கு வருடம், ஒரு மாதம், இருபத்தாறு நாள்.